டேப்லட்டில் வரையவும் எழுதவும்: பேனா வாங்குவதிலிருந்து அச்சுப் பிரதி வரை

"நல்ல டிஜிட்டல் பேனா ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்பவர்களிடம், "உங்களிடம் இருக்கும் டேப்லட் எது?" என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. பேனாவும் திரையும் சோடி. ஒரு திரைக்கென்று செய்த பேனா இன்னொரு திரையில் வெறும் குச்சி. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஆன்லைனில் வாங்கி, எழுதவில்லை என்று திருப்பி அனுப்புகிறவர்கள் நிறையப் பேர். அதனால் கடைக்குப் போவதற்கு முன் உங்கள் டேப்லட்டின் மாடல் பெயரை அமைப்புகளில் பார்த்து முழுமையாகக் குறித்துக்கொள்ளுங்கள். 'சாம்சங்', 'ஐபேட்' என்பது மட்டும் போதாது.

எந்தப் பேனா, யாருக்கு

சந்தையில் மூன்று வகை உண்டு. முதலாவது ரப்பர் முனை அல்லது முனையில் கண்ணாடி போலத் தெரியும் சிறிய பிளாஸ்டிக் தகடு உள்ள பேனா. திரை இதை விரல் என்றே நினைத்துக்கொள்ளும். மின்சாரம் எதுவும் வேண்டாம், விலையும் குறைவு. கையொப்பம் போட, படத்தில் ஒரு வட்டம் சுழிக்க இது போதும். உள்ளங்கையைத் திரையில் ஊன்றி எழுத முடியாது என்பதால் ஒரு பக்கம் குறிப்பு எடுப்பதற்குள் தோள் வலித்துவிடும்.

இரண்டாவது, 'எல்லா டேப்லட்டுக்கும் எல்லா போனுக்கும் பொருந்தும்' என்று அட்டையில் அச்சிட்டு விற்கும் சார்ஜ் பேனா. முனை மெல்லியது, பார்வைக்கு அசல் போலவே இருக்கும். ஆனால் இதுவும் விரலைப் போல நடிக்கிற பேனாதான். எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்பது இதற்குத் தெரியாது. ஐபேடுக்கென்றே தனியாகச் செய்யப்படும் மலிவு விலைப் பேனாக்கள் இதில் ஒரு விதிவிலக்கு. அவற்றில் பலவற்றை வைத்து எழுதும்போது உள்ளங்கை பட்டாலும் கோடு விழாது. அழுத்தம் உணரும் வசதி மட்டும் இருக்காது. குறிப்பு எடுக்க மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு இவை நியாயமான தேர்வு.

மூன்றாவது, நிறுவனமே தன் டேப்லட்டுக்கென்று செய்த பேனா. படம் வரைய வேண்டும் என்றால் இந்த வகைக்குள் வந்துதான் ஆக வேண்டும். சாம்சங்கின் எஸ் பென்னுக்குள் ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. திரைக்கு அடியில் உள்ள தகடு உண்டாக்கும் மின்காந்தப் புலத்திலிருந்து அது தனக்கு வேண்டிய சக்தியை எடுத்துக்கொள்கிறது. எழுதுவதற்கு அதைச் சார்ஜ் செய்ய வேண்டியதே இல்லை. கேலக்ஸி டேப் எஸ்6 லைட், எஸ்9 எஃப்இ போன்றவற்றின் பெட்டியிலேயே இந்தப் பேனா வந்துவிடும். அதே நிறுவனத்தின் டேப் ஏ9 திரைக்கு அடியில் அந்தத் தகடு கிடையாது. அதில் எஸ் பென் எழுதவே எழுதாது. பெயர் ஒன்று, கடையும் ஒன்று, விலையில் மட்டும் வித்தியாசம் என்று நினைத்து ஏ9 வாங்குகிறவர்கள் ஏமாறும் இடம் இதுதான்.

ஆப்பிளில் குழப்பம் இன்னும் கொஞ்சம் கூடுதல். 2015இல் முதல் தலைமுறைப் பென்சில், 2018இல் இரண்டாவது, 2023இல் யுஎஸ்பி-சி பென்சில், 2024இல் பென்சில் ப்ரோ என்று நான்கு உண்டு. ஒவ்வொன்றும் சில ஐபேடுகளில் மட்டுமே வேலை செய்யும். நான்கில் யுஎஸ்பி-சி பென்சிலுக்கு மட்டும் அழுத்தம் தெரியாது. புதியதாயிற்றே, நன்றாகத்தான் இருக்கும் என்று வாங்கிவிட்டு, கோடு தடிக்கவில்லை, மெலியவில்லை என்று குழம்பாதீர்கள். விலை குறைந்த சாதாரண ஐபேடில் அழுத்தத்தோடு வரைய வேண்டுமானால், இணைப்பி ஒன்றைப் பொருத்தி முதல் தலைமுறைப் பென்சிலைப் பயன்படுத்த வேண்டும். அசௌகரியம்தான், வேறு வழியில்லை. ஒன்பிளஸ், ஷாவ்மி டேப்லட்டுகளுக்கும் அந்தந்த நிறுவனத்தின் பேனாதான் பாதுகாப்பான வழி.

வீட்டில் நல்ல லேப்டாப் இருந்து, படம் வரைவது மட்டுமே நோக்கம் என்றால் புது டேப்லட்டே வேண்டாம் என்பேன். வாகொம், ஹுயியான், எக்ஸ்பி-பென் நிறுவனங்களின் திரையில்லாத வரைபலகைகள் சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கின்றன. கை பலகையில், கண் திரையில் என்று பிரிந்து வேலை செய்வதற்குச் சில வாரம் ஆகும். பழகிவிட்டால் கழுத்துக்கும் நல்லது.

கடையில் சோதிப்பது

சென்னையில் இதற்கெல்லாம் முதல் முகவரி ரிச்சி தெரு. சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம், அண்ணா சாலையிலிருந்தும் போகலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். வார நாளில் காலையில் போனால் கடைக்காரருக்கு உங்களிடம் பேசப் பொறுமை இருக்கும். உங்கள் டேப்லட்டையும், ஆறு அங்குல பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்றையும் கையோடு கொண்டுபோங்கள்.

ஸ்கேல் எதற்கு? குறிப்பு எழுதும் செயலி ஒன்றைத் திறந்து, ஸ்கேலைத் திரையில் குறுக்காகச் சாய்த்து வைத்து, அதை ஒட்டி மிக மெதுவாக ஒரு கோடு இழுங்கள். ஸ்கேல் இருந்தும் கோடு நெளிந்து, அலை அலையாக வந்தால் அந்தப் பேனாவை வைத்துவிட்டு வாருங்கள். கண்ணாடிக்கு அடியில் உணர்கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. இரண்டு கம்பிகளுக்கு நடுவில் முனை இருக்கும்போது அதன் இடத்தைத் திரை கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்கிறது. சோடி சேராத பேனாவில் அந்தக் கணக்கு தடுமாறும். வேகமாக இழுத்தால் இந்தக் குறை தெரியாது. கடைக்காரர் உங்களுக்கு வரைந்து காட்டும்போது எப்போதும் வேகமாகத்தான் இழுப்பார், கவனித்துப் பாருங்கள்.

அடுத்து, உள்ளங்கையை நன்றாக ஊன்றிக்கொண்டு இரண்டு வரி எழுதுங்கள். தொடர்பில்லாத கோடுகள் எங்காவது விழுகின்றனவா என்று பாருங்கள். திரையின் நான்கு ஓரங்களிலும் எழுதிப் பாருங்கள்; பல பேனாக்கள் ஓரத்தில்தான் சறுக்கும். கடைசியாக, சார்ஜரைச் செருகிய நிலையில் ஒரு கோடு. தரமில்லாத சார்ஜரின் மின் இரைச்சல் தொடுதிரையைக் குழப்பும், கோடு நடுங்கும். அப்படி நடந்தால் குற்றம் பேனாவுடையதாக இல்லாமலும் போகலாம், சார்ஜரைக் கழற்றிவிட்டு மறுபடி இழுத்துப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

கூடவே உதிரி நிப் கிடைக்குமா என்று கேளுங்கள். நிப் தேயும் பொருள். கிடைக்காத பேனா எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

திரைக்கு மேலே என்ன ஒட்டுவது

வெறும் கண்ணாடியில் நிப் வழுக்கும். எழுத்து நம் கையெழுத்தாகவே இருக்காது. தடிமனான டெம்பர்டு கிளாஸ் ஒட்டினால் இன்னொரு தொல்லை: முனை தொடும் இடத்துக்கும் மை விழும் இடத்துக்கும் நடுவில் இடைவெளி தெரியும். காகிதம் போலச் சொரசொரப்பான மேட் தாள் ஒட்டுவதுதான் பலர் எடுக்கும் முடிவு. பேனா பிடிமானத்தோடு நகரும், வெயிலில் திரை கண்ணைக் கூசாது. பதிலுக்கு நிப் சீக்கிரம் தேயும், படத்தின் பளிச்சும் கொஞ்சம் மங்கும். அதிகம் எழுதுகிறவர்களுக்கு மேட், அதிகம் வண்ணம் தீட்டுகிறவர்களுக்கு மெல்லிய சாதாரணத் தாள் என்பது என் கருத்து.

காந்தம் வைத்த உறைகளில் ஒரு எச்சரிக்கை. எஸ் பென் வகைத் திரையின் அடியில் வலுவான காந்தம் இருந்தால், அந்த இடத்தில் மட்டும் கோடு விலகி விழும். திரை பழுதென்று சர்வீஸ் சென்டருக்கு ஓடுவதற்கு முன் உறையைக் கழற்றிப் பாருங்கள்.

சென்னையின் வியர்வை

வெளியூர்க்காரர் எழுதும் வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது. நம் ஊரில் பாதி நாள் கை திரையில் ஒட்டிக்கொள்ளும். நீளமாக ஒரு கோடு இழுக்கும்போது உள்ளங்கையின் ஓரம் பிடித்து இழுக்கும், கோடு அங்கே உடையும். ஈரம் பட்ட தொடுதிரை, யாரும் தொடாமலே தொட்டதாக எண்ணிக்கொள்ளும்.

இதற்கென்று சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் மட்டும் மூடும் கையுறை விற்கிறார்கள். வாங்கலாம். வாங்காமலும் சமாளிக்கலாம்: துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்திக் கைக்குட்டையை நான்காக மடித்து உள்ளங்கைக்கு அடியில் வைத்துக்கொண்டால் போதும். மின்விசிறி நேராகக் கைமேல் படும் இடத்தில் உட்காருங்கள்.

வெயிலும் கவனிக்க வேண்டியது. ஐபேடை 35 டிகிரி செல்சியஸ் வரை உள்ள சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். மே மாதச் சென்னைக்கு அந்தக் கணக்கு தெரியாது. மூடிய காரிலும், வண்டியின் சீட்டுக்கு அடியில் உள்ள பெட்டியிலும் டேப்லட்டை விட்டுவிட்டுப் போகவே கூடாது. மெரினாவில் உட்கார்ந்து வரைவது நல்ல யோசனையாகத் தோன்றும். மணல் துகள் ஒன்று நிப்புக்கும் திரைக்கும் நடுவில் மாட்டினால் கீறல் நிச்சயம். வரைவதற்கு முன் திரையையும் நிப்பையும் மென்துணியால் துடைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

முதல் நாள் அமைப்புகள்

புதிய செயலியைத் திறந்ததும் வரையத் தொடங்காதீர்கள். மூன்று இடங்களைத் தேடுங்கள். 'விரலால் வரைதல்' என்ற தேர்வை அணைத்துவிடுங்கள்; பேனா மட்டுமே கோடு போட வேண்டும், விரல் பக்கத்தை நகர்த்தவும் பெரிதாக்கவும் மட்டுமே. பிறகு அழுத்த வளைவு, அதாவது எவ்வளவு அழுத்தினால் கோடு எவ்வளவு தடிக்க வேண்டும் என்று சொல்லும் அமைப்பு. இயல்பாக நீங்கள் பேனாவை மென்மையாகப் பிடிப்பவரா, காகிதத்தின் மறுபக்கம் புடைக்கும் அளவுக்கு அழுத்துபவரா என்பதைப் பொறுத்து அதை மாற்றுங்கள். கை வலிக்கிறது என்று சொல்பவர்களில் பலருக்கு இந்த ஒரு வளைவை மாற்றியதும் வலி குறையும். மூன்றாவது, கோட்டைச் சீராக்கும் வசதி. செயலிக்குச் செயலி பெயர் மாறும். நடுங்கும் கோட்டைச் செயலியே நேர்செய்து கொடுக்கும் இந்த வசதியை ஆரம்பத்தில் மிகக் குறைவாக வையுங்கள். முழுதாக வைத்தால் கோடு அழகாக வரும், கை எதையும் கற்றுக்கொள்ளாது.

செயலி எது? ஆண்ட்ராய்டில் ஐபிஸ் பெயின்ட் தொடங்க எளிது. கிரிட்டா இலவசம், திறமூலம், கணினியிலும் ஓடும். ஐபேடில் புரோகிரியேட், ஒரு முறை பணம் கட்டினால் போதும், மாதச் சந்தா இல்லை. ஒன்றை மட்டும் நிறுவுங்கள். ஐந்து செயலிகளை நிறுவுகிறவர் ஐந்திலும் பிரஷ் தேடிக்கொண்டே இருப்பார்.

கோலம்தான் முதல் பாடம்

இணையத்தில் கிடைக்கும் பயிற்சிகள் பெரும்பாலும் வட்டம், கனசதுரம், ஆப்பிள் பழம் என்று தொடங்கும். தமிழ் வீட்டில் வளர்ந்தவருக்கு அதைவிட நல்ல பயிற்சி வாசலிலேயே இருக்கிறது. சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைத் தொடக் கூடாது, புள்ளியைச் சுற்றி வளைய வேண்டும், தொடங்கிய இடத்தில் வந்து மூட வேண்டும். பேனா கட்டுப்பாட்டுக்கு இதைவிடக் கடுமையான தேர்வாளர் கிடையாது. லேயர், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள் போன்ற அடுக்கு, என்றால் என்ன என்பதும் இதிலேயே விளங்கிவிடும்.

செய்முறை இது. புதிய பக்கம் ஒன்றை 2480க்கு 3508 பிக்சல் அளவில் திறங்கள். ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற தரத்துக்குச் சரியான அளவு. பழைய டேப்லட் திணறினால் பாதியாக்கிக்கொள்ளுங்கள். செயலியில் உள்ள கட்டக்கோடுகளைத் திரையில் வரவழையுங்கள். முதல் லேயரில் ஏழு புள்ளியில் தொடங்கி ஒன்றில் முடியும் ஊடுபுள்ளி வையுங்கள். ஊடுபுள்ளி என்பதால் ஒவ்வொரு வரிசையும் மேல் வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் விழ வேண்டும். இந்த லேயரின் அடர்த்தியை 40 சதவீதமாகக் குறைத்து, பூட்டிவிடுங்கள். இனி என்ன செய்தாலும் புள்ளி கலையாது.

அதற்கு மேல் புதிய லேயர் திறந்து, கோட்டை இழுங்கள். மணிக்கட்டை மட்டும் அசைக்காதீர்கள். முழங்கையிலிருந்து கை முழுதும் நகர வேண்டும்; தரையில் குனிந்து கோலம் போடுகிறவர் அப்படித்தான் போடுகிறார். ஒரு வளைவை ஒரே மூச்சில் இழுத்து முடியுங்கள். தவறினால் அந்த வளைவை மட்டும் அன்டூ செய்துவிட்டு (கடைசியாகச் செய்ததை நீக்கும் பொத்தான்) மறுபடி இழுங்கள். அழிப்பானை எடுத்துச் சுரண்டிச் சுரண்டிச் சரிசெய்வது வேண்டாம். பாதி படத்தை வரைந்தால் மறுபாதி தானே வரும் சமச்சீர் வசதி பல செயலிகளில் இருக்கிறது. கையைப் பழக்க வந்த இடத்தில் அதைத் தொடாதீர்கள்.

கோடு பழகியதும் மூன்றாவது லேயரில் வண்ணம். அதைக் கோட்டு லேயருக்கு அடியில் வைக்க வேண்டும், அப்போதுதான் வண்ணம் கோட்டை மூடாது. ஓரிடத்தில் வண்ணத்தைக் கொட்டினால் படம் முழுதும் பரவுகிறதா? கோடு எங்கோ மூடாமல் இருக்கிறது என்று பொருள். பெரிதாக்கித் தேடுங்கள்.

இது கைக்கு வந்த பிறகு வெளியே போகலாம். எழும்பூர் அரசு அருங்காட்சியகம் வரைய வருகிறவருக்கு நிழலும் நிதானமும் தரும் இடம், வெள்ளிக்கிழமை விடுமுறை. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் கோபுரத்தைத் தெப்பக்குளத்தின் எதிர்க்கரையிலிருந்து வரைய மாலை வெளிச்சம் ஏற்றது. சுதை உருவங்களை எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள், நிலைகளின் சரிவை மட்டும் முதலில் பிடியுங்கள்.

குறிப்பு எடுப்பது

இதற்குத் தேவையான கருவி குறைவு. சாம்சங் நோட்ஸ், ஐபேடில் உள்ள நோட்ஸ், ஒன்நோட் இவற்றில் ஏதாவது ஒன்று போதும். ஆனால் தமிழில் எழுதும்போது சில இடங்களில் கை தடுக்கும், அவற்றைச் சொல்ல வேண்டும்.

மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போகும். முனை திரையைத் தொட்டு உடனே எழுந்துவிடுவதால் செயலி அதைக் கோடாகவே எடுத்துக்கொள்வதில்லை, அல்லது அழுத்தம் குறைவு என்று கண்ணுக்குத் தெரியாத அளவில் வைக்கும். அழுத்தத்துக்கு ஏற்ப மாறும் மைப்பேனாவை விட்டுவிட்டு, ஒரே தடிமனில் எழுதும் பால்பாயின்ட் வகையைத் தேர்ந்தெடுங்கள். புள்ளி வைக்கும்போது முனையைச் சற்று அழுத்தி, மிகச் சிறிதாக நகர்த்துங்கள். அடுத்து, 'ண', 'ன' இரண்டின் சுழிகள். கோட்டைச் சீராக்கும் வசதி ஓங்கியிருந்தால் மூன்று சுழி இரண்டாகிவிடும், இரண்டு சுழி ஒரு மேடாகிவிடும். குறிப்பு எழுதும் பேனாவுக்கு அதைப் பூச்சியத்தில் வையுங்கள். நம் எழுத்துகள் அகலமானவை. ஆங்கிலத்துக்கென்று அமைத்த நெருக்கமான கோட்டுத் தாளில் 'கூ', 'ஞௌ' எல்லாம் மேலும் கீழும் முட்டும். அகலக் கோட்டுத் தாளை எடுத்துக்கொண்டு, பக்கத்தை ஒன்றரை மடங்கு பெரிதாக்கி எழுதுங்கள்.

டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு டேப்லட் உண்மையாகவே உதவும் இடம் ஒன்று உண்டு. தமிழ்நாடு அரசின் பள்ளிப் பாடநூல்கள் பிடிஎஃப் கோப்புகளாக இலவசமாகக் கிடைக்கின்றன. திரையை இரண்டாகப் பிரித்து இடப்பக்கம் பாடநூல், வலப்பக்கம் குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். பாடநூலின் படத்தையோ அட்டவணையையோ வெட்டியெடுத்து உங்கள் குறிப்பில் ஒட்டி, அதன் மேலேயே எழுதலாம். வண்ணம் மூன்றுக்கு மேல் போக வேண்டாம். ஆறு வண்ணத்தில் கோடு போட்ட பக்கத்தைத் திரும்பப் படிக்க முடியாது.

சாம்சங் நோட்ஸ், நோட்டபிலிட்டி போன்றவற்றில் பேச்சைப் பதிவு செய்துகொண்டே எழுதலாம். பிறகு எழுதிய வரியைத் தொட்டால் அந்த நேரத்தில் ஆசிரியர் பேசியது கேட்கும். வகுப்பில் இதைச் செய்வதற்கு முன் ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள்.

தேடல் விஷயத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தமிழ்க் கையெழுத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிடும் என்று எந்தச் செயலியையும் நம்ப வேண்டாம். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பையும் தேதியையும் விசைப்பலகையில் தட்டச்சு செய்யுங்கள், உள்ளே கையால் எழுதுங்கள். தட்டச்சு வராதவர் ஆண்ட்ராய்டில் ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழைச் சேர்க்கும்போது கையெழுத்து வடிவத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பேனாவால் எழுதினால் அது அச்செழுத்தாக மாறி விழும். தலைப்பு எழுதும் அளவுக்கு நன்றாகவே வேலை செய்கிறது.

பராமரிப்பும் அச்சும்

கோடு போடும்போது கண்ணாடியில் கிறீச்சென்று சத்தம் வந்தாலோ, நிப்பின் ஒரு பக்கம் சப்பையாகிவிட்டாலோ மாற்றிவிடுங்கள். ஆப்பிள் பென்சிலின் நிப்பைக் கையால் திருகிக் கழற்றலாம். எஸ் பென்னுக்குச் சிறு இடுக்கி ஒன்று வேண்டும், அதைத் தொலைக்காதீர்கள். சார்ஜ் ஏற்றும் பேனாவைத் தேர்வு முடிந்ததென்று மாதக்கணக்கில் மேசை இழுப்பறையில் போட்டுவிடக் கூடாது. முழுதாக இறங்கிய லித்தியம் பேட்டரி பிறகு எழுந்திருக்காமலே போகலாம்.

குறிப்புகளை வாரம் ஒரு முறை பிடிஎஃப் ஆக்கி கூகுள் டிரைவில் ஏற்றுங்கள். 15 ஜிபி வரை இலவசம். செயலியின் சொந்தக் கோப்பு வடிவத்தில் மட்டும் வைத்திருந்தால், டேப்லட் மாறும் நாளில் அவற்றைத் திறக்க முடியாமல் தவிப்பீர்கள். படங்களை லேயரோடு ஒரு பிரதி, பிஎன்ஜி வடிவில் ஒரு பிரதி என்று இரண்டாக வைத்திருப்பது நல்லது.

படத்தை அச்சிடத் திருவல்லிக்கேணிப் பக்கம் போனால் தெருவுக்குத் தெரு கடை உண்டு. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் சுருங்கிவிடும். பென் டிரைவில் கொண்டுபோங்கள், அல்லது டாக்குமென்ட் என்ற தேர்வில் அனுப்புங்கள். திரையில் ஒளிரும் பச்சையும் ஊதாவும் தாளில் மங்கித்தான் வரும். திரை வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது. அதனால் பெரிய அளவில் சொல்வதற்கு முன் ஏ4இல் ஒரு பிரதி மட்டும் எடுத்து, கடையின் குழல்விளக்குக்கு அடியில் பார்க்காமல் வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இருட்டாகத் தெரிந்தால் செயலியில் வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டி, இன்னொரு பிரதி எடுத்த பிறகு மீதியை அச்சிடச் சொல்லுங்கள்.